மலைக்கோட்டைப் பாறையும் கிணற்று நீரும்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 18 கிலோ மீட்டரில், காவிரியின் தென்கரைக்குச் சற்றுத் தள்ளி நிற்பது திருச்சி மலைக்கோட்டை. உயரம் சுமார் 83 மீட்டர். ஏறக்குறைய 270 அடி. உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கப் படியேறும் விவசாயிகளில் பலர், அந்தப் பாறைக்கும் தங்கள் கிணற்றுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த மலை தரையைப் பிளந்துகொண்டு முளைத்ததல்ல. பூமியின் ஆழத்தில், வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. மேலே இருந்த அடுக்குகள் மழையிலும் வெயிலிலும் கரைந்து போயின. விரிசல் மிகுந்த பகுதிகள் சீக்கிரம் உளுத்துத் தேய்ந்தன; விரிசல் குறைந்த பகுதி குன்றாக நின்றுவிட்டது. திருவெறும்பூர்க் குன்றும் இத்தகையதே. இமயமலை எழத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. மலைக்கோட்டைப் பாறை அதைவிடப் பல மடங்கு மூத்தது. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் குடைந்த குகைக் கோயில் இன்றும் உறுதியாக நிற்பதே இப்பாறையின் வலிமைக்குச் சான்று.

இவ்வகைப் பாறையில் முக்கியமாக இருப்பவை குவார்ட்ஸ் என்னும் வெண்கல், பெல்ஸ்பார், சிறிது அபிரகம். மழைநீர் பட்டுப் பட்டு பெல்ஸ்பார் களிமண்ணாக மாறுகிறது. அதிலுள்ள சாம்பல் சத்தும் சிறிது சிறிதாக மண்ணில் சேர்கிறது. குவார்ட்ஸ் எளிதில் அழியாது. அதுவே உதிர்ந்து மணலாகிறது. மேற்கே இருந்து காவிரி அடித்து வந்த மணலும் வண்டலும் இப்படிப் பாறைகள் உதிர்ந்து வந்தவையே.

இனி கிணற்றுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் குன்று சிறிது. மண்ணுக்கடியில் இத்தகைய கடினப் பாறை மாவட்டத்தின் பெரும் பகுதியில் பரந்து கிடக்கிறது. மணிகண்டம், மணப்பாறை பக்கங்களில் மேல்மண்ணும் சரளையும் நீங்கினால் பாறைதான். பாறைக்குள் ஏரி போல நீர் தேங்கியிருப்பதாக நினைப்பது தவறு. பாறைக்கு மேல் உள்ள உளுத்த அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். ஒருவர் தோட்டத்தில் நீர் கொட்ட, அடுத்த வரப்பில் போட்ட ஆழ்துளைக் கிணறு வறண்டு போவது இதனால்தான். ஆழம் கூடக் கூட வெடிப்புகள் பொதுவாகக் குறுகிப் போவதால், இன்னும் நூறடி இறக்கினால் நீர் வரும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்குவது ஆபத்து.

ஜீயபுரம், அந்தநல்லூர் போன்ற ஆற்றோரக் கிராமங்களின் கதை வேறு. அங்கே பாறைக்கு மேல் மணலும் வண்டலும் படிந்திருப்பதால் குறைந்த ஆழத்திலேயே நீர் கிடைக்கும். ஆனால் ஆற்று மணலை அள்ளிக்கொண்டே போனால் அந்த நீரும் இறங்கும். மணல் இளகியது என்பதும் மறக்கக் கூடாதது. 1836-38ல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணை மணற்படுகை மீது நின்றது. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்தில் 9 மதகுகள் வெள்ளத்தில் போயின. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

பாறைப் பகுதி விவசாயிகள் புதிய கிணறு எடுக்குமுன், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் பாறை தட்டியது, ஊற்றுக்கண் எந்தத் திசையில் உள்ளது என்று விசாரிக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையினர் மின்தடைக் கருவி கொண்டு நிலத்தடி ஆய்வு செய்து தருகின்றனர். அதற்குச் செலுத்தும் கட்டணம் ஒரு வறண்ட துளையின் செலவுக்கு முன் அற்பமே. பழைய திறந்த கிணறு இருந்தால், புதிதாகத் தோண்டுவதைவிட அதிலேயே பக்கவாட்டில் துளையிட்டு வெடிப்புகளை எட்டிப் பார்க்கலாம். மேட்டில் பண்ணைக்குட்டை வெட்டினால் உளுத்த அடுக்கில் மழைநீர் இறங்கும்.

ஆழ்துளை போடும்போது வெளிவரும் தூளின் நிறத்தை அடிக்கு அடி குறித்துக்கொள்வது நல்லது. பழுப்புத் தூள் நின்று, ஈரமில்லாத கரும்பாறைத் தூளே நெடுநேரம் வந்துகொண்டிருந்தால், வண்டிக்காரர் என்ன சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிட்டு ஆய்வு செய்தவரைக் கேட்க வேண்டும்.