அறுபது சதவீத அடைப்பா? அளந்து பாருங்கள்

சித்தூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவின் ஆஞ்சியோகிராமில் 60 சதவீத அடைப்பு. டாக்டரோ, "ஸ்டென்ட் இருக்கட்டும், முதலில் எஃப்.எஃப்.ஆர். பார்ப்போம்" என்றாராம். வீண் செலவோ என்று இவருக்குச் சந்தேகம்.

ஆஞ்சியோகிராமில் குழாயின் ஒடுக்கம் தெரியும். அதைத் தாண்டிப் போகும் ரத்தம் தசைக்குப் போதுமா என்பது தெரியாது. என் மாமாவின் மாந்தோப்பில் குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. ஒரு வால்வைத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வரும். எல்லாவற்றையும் திறந்தால்தான் கடைசி மரத்தடியில் குட்டு வெளிப்படும்.

இதயக் குழாயில் அந்தக் குட்டை அளந்து காட்டுவதுதான் எஃப்.எஃப்.ஆர். (Fractional Flow Reserve) சோதனை. அதன் கம்பியின் தடிமன் 0.36 மி.மீ.; முனையருகே அழுத்த உணரி. அடைப்பைத் தாண்டி அதைச் செலுத்துவார்கள். மகாதமனியில் அழுத்தம் 100, அடைப்புக்கு அப்பால் 86 என்றால் விடை 0.86. 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால்தான் ஸ்டென்ட், பைபாஸ் பேச்சு.

எல்லா வால்வையும் திறக்கும் வேலை அடினோசினுடையது. நம் உடம்பிலேயே ஊறும் பொருள்தான். நரம்பில் ஏற்றினால் இதயத்தின் நுண்குழாய்கள் விரியும். முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். நிறுத்தியதும் சீக்கிரமே அடங்கிவிடும். இதற்கு ஜென்ம விரோதி காபி! அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூளையில் அது இப்படி இடம்பிடிப்பதால்தான் நமக்குத் தூக்கம் கலைகிறது. சோதனைக்கு முன் காபி, டீ கூடாது என்று நர்ஸ் கண்டிப்பது இதற்காகத்தான்.

நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி ப்ரைனும் 1990களில் வளர்த்த முறை இது. 1005 நோயாளிகளை வைத்து நடந்த ஃபேம் ஆய்வு 2009இல் வெளிவந்தது. படத்தில் 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில், நூற்றுக்கு 35தான் உண்மையில் ரத்த ஓட்டத்தைக் கெடுத்தன. படத்தை மட்டும் பார்த்து வைத்தவர்களைவிட, அளந்து வைத்தவர்களுக்கு ஸ்டென்ட் குறைவாகவே தேவைப்பட்டது. மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓராண்டில் அவையும் குறைவு.

நம் வீடுகளில் ஸ்டென்ட் வைத்தால் "சரி பண்ணியாச்சு" என்று நிம்மதி; மாத்திரை எழுதிக் கொடுத்தால் "ஒண்ணுமே பண்ணலையே" என்று மனக்குறை. தேவையில்லாத ஸ்டென்ட்டும் உடம்புக்குள் அந்நியப் பொருள்தான். மாரடைப்பு வந்துவிட்டால் கதை வேறு: அடைத்த குழாயை உடனே திறந்தாக வேண்டும். மற்றபடி, தாராளமாக அளக்கச் சொல்லுங்கள். 0.86 என்று வந்தால் ஸ்டென்ட்தான் தப்புகிறது. மாத்திரையும் நடைப்பயிற்சியும் தப்பாது. அப்பாவுக்குப் பீடி இருந்தால் அதற்கும் அன்றோடு கும்பிடு.