வீட்டுத்தோட்டத்தில் ஒரு பாத்தி கரட்

கரட் என்றால் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துப் பயிர் என்றே எம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆனால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் குளிர்ந்த மாதங்களில் கரட் செய்கை பண்ணப்பட்டு வருகிறது. சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோ குடியிருக்கும் கமக்காரக் குடும்பங்களுக்காக இப்பயிரைப் பற்றி எழுதுகிறோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் காணிகள் 2009 இன் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எனினும் எல்லாக் குடும்பங்களும் இன்னும் தம் மண்ணுக்குத் திரும்பவில்லை. பிறர் காணியில் இருப்பவர்கள் தென்னையும் மாவும் வைக்கத் தயங்குவது இயல்பே. கரட்டோ விதைத்து ஏறக்குறைய 90 முதல் 100 நாட்களில் பிடுங்கக்கூடியது.

விதைக்கு முன் இரண்டு கேள்விகள்

முதலாவது: இந்த வளவில் மூன்று மாதங்கள் இருப்போமா? கத்தரி, மிளகாய் போலக் கரட்டை நாற்றாகப் பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது. அதன் ஆணிவேரே கிழங்காகிறது. அதை அசைத்தால் கிழங்கு வளைந்து கவர்விடும். இருப்பு நிச்சயமில்லாதவர்கள் உரப்பையில் விதைக்கலாம். பையின் வாயை மடித்து ஒன்றரை அடி உயரத்துக்கு மண் நிரப்புங்கள். மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு என்ற அளவு நல்லது. அடியில் நீர் வடியத் துளைகள் இடுங்கள். ஒரு பையில் 15 கரட் வரை வளரும். போக நேர்ந்தால் பையோடு கொண்டு போகலாம்.

இரண்டாவது: கிணற்றுத் தண்ணீர் எப்படி? உவரைச் சிறிதும் தாங்காத பயிர்களில் கரட் ஒன்று. தண்ணீர் வாயில் உவர்ப்பாக இருந்தால் கரட் விதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். உவரை ஓரளவு தாங்கும் பீற்றூட்டைப் போடுங்கள்.

காலமும் விதையும்

கரட் குளிர்ச்சியை விரும்பும். வெப்பம் கூடினால் கிழங்கு குட்டையாகி நிறமும் மங்கும். ஆகவே கார்த்திகையின் கடும் மழை தணிந்ததும், மார்கழி நடுப்பகுதிக்குள் விதைத்துவிட வேண்டும். பங்குனி வெயில் முற்றுமுன் பிடுங்கி விடலாம். வெப்பத்தை ஓரளவு தாங்கும் நியூ குறோடா இனம் எமது பகுதிக்குப் பொருந்தும்.

கத்தரிக்கும் பயற்றைக்கும் சொந்த விதை எடுத்துப் பழகியவர்கள் நாம். கரட்டில் அது இயலாது. பல வாரங்கள் நல்ல குளிரில் நின்ற பின்பே அது பூத்து விதை கட்டும். அந்தக் குளிர் எமது பகுதியில் இல்லை. எனவே விதையை வாங்கியே ஆக வேண்டும். பைக்கற்றிலுள்ள காலாவதித் திகதியைப் பாருங்கள். பழைய விதை சரிவர முளைக்காது. ஒரு கிராமிலேயே 600 விதைகளுக்கு மேல் இருப்பதால் ஒரு பாத்திக்கு 2 கிராம் தாராளம். அயலில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பைக்கற்றைப் பங்கிடலாம்.

பாத்தி

3 அடி அகலம், 10 அடி நீளத்தில், தரையிலிருந்து அரை அடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். மழைநீர் தேங்கினால் விதை அழுகும். ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் வேர்க்கட்டையையும் பொறுக்கி, கட்டிகளை உடைத்து மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள். நன்றாக மக்கிய மாட்டெருவை மட்டும் கலவுங்கள். பச்சை எரு இட்டால் கிழங்கு கவர்விடும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். முன்னைய பயிரின் வேரில் முடிச்சுகள் கண்ட இடத்தைத் தவிருங்கள். அந்த வட்டப்புழு கரட்டையும் கெடுக்கும்.

விதைத்தல்

எட்டங்குல இடைவெளியில், அரை அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில், பாத்திக்குக் குறுக்கே கோடு கீறுங்கள். விதையைப் பத்து மடங்கு உலர்ந்த மணலுடன் கலந்து கோட்டில் தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். இடையிடையே சில முள்ளங்கி விதைகளும் போடலாம். முள்ளங்கி நாலைந்து நாளில் முளைத்து மண் பொருக்கை உடைக்கும், வரிசை எதுவென்றும் காட்டும். கரட் பெருக்குமுன் அதைப் பிடுங்கிக் கறி சமைக்கலாம்.

கரட் முளைக்க 7 முதல் 14 நாட்கள் செல்லும், சிலவேளை இன்னும் தாமதிக்கும். இக்காலத்தில் மேல்மண் காய்வதே விதை முளைக்காமற் போவதற்குப் பெரும் காரணம். பாத்தியைக் கிடுகால் அல்லது ஈரச் சாக்கால் மூடி, காலை மாலை பூவாளியால் தெளியுங்கள். வாளியால் ஊற்றினால் விதை அடிபட்டுப் போகும். முதல் முளை கண்டதும் மூடியதை எடுத்துவிடுங்கள். பிந்தினால் முளைகள் வெளிறிச் சாயும்.

ஐதாக்கல்

மூன்று, நான்கு வாரங்களில் நாற்றுகளை ஐதாக்க வேண்டும். முளைத்ததைப் பிடுங்கி எறிய மனம் வராது. ஆனால் நெருக்கமாக விட்டால் ஒன்றும் திரளாது. நீர் தெளித்து, செடிக்குச் செடி இரண்டங்குலம் இருக்கும்படி மெலிந்தவற்றைப் பிடுங்குங்கள். களையைக் கையால் எடுங்கள். பாத்தியைக் காய விட்டுப் பின் வெள்ளமாக நீர் விட்டால் கிழங்கு வெடிக்கும். அளவாகவும் ஒழுங்காகவும் பாய்ச்சுங்கள். கிழங்கின் தலை வெளியே தெரிந்தால் மண் அணைத்து விடுங்கள். வெயில் பட்டால் அது பச்சையாகிக் கசக்கும்.

அறுவடை

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கத் தேவையில்லை. முதலில் பருத்ததை எடுங்கள், மற்றவை பருக்கும். ஒழுங்காகச் செய்த பாத்தியில் 250 செடிகள் வரை நிற்கும். பாதி தப்பினாலும், நாளுக்கு மூன்று கரட்டாக ஏறக்குறைய நாற்பது நாட்களுக்குப் பிள்ளைகளின் கோப்பைக்கு வரும்.

கரட்டிலுள்ள கரோட்டினிலிருந்து உடல் விற்றமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. இது குறைந்தால் மாலைக்கண் வரும். சிறிது தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால் உடல் அதை நன்றாக ஏற்கும். கரட் இல்லாத மாதங்களில் முருங்கையிலையும் பப்பாசிப்பழமும் இதே சத்தைத் தரும். ஆகவே கரட்டுக்காக வேலியோர முருங்கையைத் தறித்துவிட வேண்டாம்.