மூன்று சோறு, ஒரு பானை

நிர்வாகிகளின் மனச்சாய்வுகளை இரண்டே நாளில் களைவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி வகுப்புகளைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதிகாரிகள் அவற்றில் படித்திருந்தால், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியானதைத் தடுத்திருக்கலாமா?

அந்த வகுப்பால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. சாய்வுகளின் பெயர்களை மனப்பாடம் செய்தவர்களும் அதே சாய்வுகளில்தான் விழுகிறார்கள்.

ஏன் என்பதன் வரலாறு சுருக்கமாக: எல்லா வழிகளையும் எடைபோட மனித மூளைக்கு நேரமும் இல்லை, திறனும் இல்லை, போதுமான ஒரு விடை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறது என்றார் முடிவெடுத்தலை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். நிர்வாகம் பற்றிய அவருடைய நூல் 1947இல் வந்தது. நோபல் பரிசு 1978இல்.

தேடல் எங்கே நிற்கிறது என்பதுதான் என்னைப் பிடித்து உட்காரவைக்கும் கேள்வி. ஜூன் 19 அன்று, இறப்புகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என்று மாவட்ட ஆட்சியர் முதலில் சொன்னார். அன்றே இடமாற்றம் செய்யப்பட்டார். ஆனால் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்த தகவலைப் பாருங்கள். அந்தச் சாராயத்தில் இருந்த விஷம் மெத்தனால். அதைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகே அது கொல்லும். அதற்கு அரை நாளோ ஒரு நாளோ ஆகும். வழக்கமான மதுவான எத்தனாலும் கலந்திருந்தால் கல்லீரலின் நொதி அதைத்தான் முதலில் கவனிக்கும், இன்னும் தாமதம். எனவே ஒருவர் வயிற்றுவலியோடும், இன்னொருவர் மூச்சுத் திணறலோடும், மற்றொருவர் கண் மங்கியும் வெவ்வேறு நேரத்தில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் நம்பத்தக்க தனிக் காரணம் ஒன்று கைவசம் இருக்கும். தேடல் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே மூன்று சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டு, மூன்றும் வெவ்வேறு பானையில் வெந்தவை என்று முடிவு கட்டியாயிற்று. பானை ஒன்று, அடுப்பு ஒன்று, உலைநீரும் ஒன்று. அடிப்பிடித்த வாசம் தெருவெல்லாம் வீசுகிறது. ஒரு தெருவில் ஓரிரவில் ஒருவர் திடீரென இறக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தொடர்பில்லாமல் மூவர் இறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று! இந்தப் பெருக்கலைத்தான் மனம் தானாகச் செய்வதில்லை. இத்தனைக்கும், கருணாபுரத்துக்கு 13 மாதங்களுக்கு முன்புதான் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

அதே மாவட்டத்துக் கல்வராயன் மலையின் சாராய ஊறல்களும் கவனத்தைத் திருப்பின. கள்ளச்சாராயம் என்றாலே அழித்த ஊறல் எத்தனை லிட்டர் என்று எண்ணிப் பழகிய நிர்வாகம் அது. ஊறலில் நொதிக்கும் வெல்லத்தில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. அது தொழிற்சாலைப் பொருள், லாரியில் வருவது.

இறப்பு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாக அப்போது செய்திகள் வந்தன. எச்சரிக்கை தாமதித்தால் குடிப்பவர்கள் கூடுவார்கள், சிகிச்சையும் பிந்தும்: நொதியை மறிக்கும் மருந்தும் டயாலிசிஸும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைபவை. ஆகவே பயிற்சி வகுப்பைவிட எழுத்தில் ஒரு விதி வேண்டும்: ஒரே தெருவில் ஒரே நாளில் காரணம் புரியாத இரண்டு இறப்பு என்றால், ரத்தப் பரிசோதனை மறுக்கும்வரை அது மெத்தனால்தான். தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் எச்சரிக்கச் சொல்லும் அதிகாரம் இரவுப் பணி மருத்துவரிடமே இருக்க வேண்டும். ஆட்சியரின் ஒப்புதலுக்கு அவர் காத்திருக்கக் கூடாது.