கருவிழியில் தழும்பு விழுவது ஏன்?

வயல் வேலையில் நெல் தோகையோ மண்ணோ கருவிழியைக் கீறினால் சில நாளில் அங்கே வெண்புண் தோன்றுவதுண்டு. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு இது வருவதாக 1996-இல் வெளியான ஆய்வு கணித்தது. பாக்டீரியாவால் வரும் புண்ணில் பார்வையைக் கெடுப்பதில் கிருமியோடு நம் உடலின் எதிர்ப்புக்கும் பங்கு உண்டு. முன்பின் பார்த்திராத பாக்டீரியாவையும் உடல் இனம் காண்கிறது. செல்சுவர், கசையிழைப் புரதம் போன்ற, பாக்டீரியா எளிதில் கைவிட முடியாத பாகங்களைக் கருவிழிச் செல்களின் ‘டோல்’ வகை ஏற்பிகள் பிடித்துக்கொள்கின்றன. உடனே ரசாயன அழைப்பு போகிறது. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் குவிந்து கிருமியை விழுங்குகின்றன. அவை வெளியிடும் நொதிகளோ கருவிழியின் கொலாஜன் இழைகளையும் அரிக்கின்றன. ஆறியபின் எஞ்சுவது தழும்பு.

அப்படியானால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் இந்தச் சீற்றத்தை அடக்கிவிடலாமே? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற ஆய்வு 500 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. 2012-இல் வந்த முடிவு: ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டு சேர்த்தும், மூன்று மாதத்துக்குப் பின் பார்வையில் மொத்தத்தில் வேறுபாடில்லை. தொடக்கத்திலேயே பார்வை மிக மங்கியிருந்தவர்களுக்கு ஓரளவு பலன் தெரிந்தது உண்மை. ஆனால் பூஞ்சைப் புண்ணில் அதே மருந்து கேடு செய்யும். எந்தக் கிருமி என்பதைப் பரிசோதனையே சொல்லும். ஆகவே கண்ணில் அடிபட்டால் கடையில் சொட்டு மருந்து கேட்காதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.