பருத்திமாரும் ஆட்டுப் புழுக்கையும்: எருக்குழிக்குள்ள ஒரு கணக்கு

இந்த வாரம் கோடிங் இல்லை, குப்பை. சென்னையில குப்பைன்னா தூக்கிப் போடுறது. எங்க காரியாபட்டிப் பக்கம் குப்பைன்னா எரு. "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?"ன்னு கேட்டா, சாணமும் புழுக்கையும் நிலத்துக்குப் போயாச்சான்னு அர்த்தம்.

எங்க மாமாகிட்ட ஆடு இருக்கு, மானாவாரிப் பருத்தி இருக்கு. புழுக்கையை வெட்டவெளியில குவிச்சு வைப்பார். பருத்தி எடுத்து முடிஞ்சதும் மாரைப் பிடுங்கி எரிச்சிடுவார். எரிக்கிறதுக்குக் காரணமும் உண்டு. மாரையும் வெடிக்காத காயையும் காட்டிலேயே விட்டா, இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதுல தங்கி அடுத்த வெள்ளாமைக்கு வந்துடும். ஆனா போன வருசம் அவர் அடிச்ச மக்காத குப்பையில இருந்த விதையெல்லாம் முளைச்சு, களையெடுப்புக் கூலியே கையைக் கடிச்சிடுச்சு. "குப்பை அடிச்சதே தப்பு மாப்ள, இனி மூட்டை உரம்தான்"னு சொல்லிட்டார். அப்பதான் நான் உள்ள புகுந்தேன்.

விசயம் இதுதான். குப்பையை மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குக் கரி (கார்பன்) சோறு மாதிரி, தழைச்சத்து (நைட்ரஜன்) குழம்பு மாதிரி. 1 பங்கு தழைச்சத்துக்கு 25லிருந்து 30 பங்கு கரி இருந்தா வேலை வேகமா நடக்கும். ஆட்டுப் புழுக்கையில இது தோராயமா 16தான். மிஞ்சுற தழைச்சத்து அமோனியாவா காத்துல போயிடும். மூக்கைத் துளைக்கிற அந்த நாத்தம், காசு கொடுத்து வாங்குற யூரியாவுல இருக்கிற அதே சத்து பறந்து போற நாத்தம். பருத்திமார்ல இந்த விகிதம் 50க்கு மேல. அதாவது மாமா எரிச்சதுதான் அவர் குப்பையில இல்லாத பாதி.

நான் ஷீட்ல சராசரி போட்டேன்: 3 பங்கு புழுக்கை, 1 பங்கு மார், விகிதம் 26. குவியல் அப்பவும் நாறுச்சு! தப்பு என்னோடது. விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. கரியைத் தனியா, தழைச்சத்தைத் தனியா கூட்டி அப்புறம்தான் வகுக்கணும். காஞ்ச எடையில 100 கிலோ புழுக்கையில சுமார் 40 கிலோ கரி, 2.5 கிலோ தழைச்சத்து. 100 கிலோ மார்ல 45 கிலோ கரி, 0.8 கிலோ தழைச்சத்து. கூட்டினா 85, 3.3. வகுத்தா கிட்டத்தட்ட 26. ஆக, சரிக்குச் சரி எடை. என்னோட 3க்கு 1 கலவையில நிஜத்துல வந்தது வெறும் 20.

இன்னொரு சிக்கல், மார் விறகு மாதிரி கெட்டி. "முழுசாப் போட்டா ரெண்டு வருசம் ஆனாலும் மக்காது மாப்ள"ன்னு சொன்ன மாமா, மாரைப் பாதையில பரப்பி டிராக்டரை ஏத்தி இறக்கினார். நொறுங்கினதை ஆட்டுக் கொட்டில்ல பரப்பினார். மண்ணுக்குள்ள போய் வீணாகுற மூத்திரத்தை அது உறிஞ்சிக்கிச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 1920கள்ல இந்தூர்ல ஆல்பர்ட் ஹோவர்டு செஞ்சதும் இதேதான். பருத்திமாரைப் பண்ணைப் பாதையில போட்டு வண்டிச் சக்கரத்துல நொறுக்கி, மாட்டுக்குப் படுக்கையாப் போட்டு, அப்புறம் சாணத்தோட அடுக்கி மக்க வைப்பாங்க. சுமார் 3 மாசத்துல எரு தயார். யஷ்வந்த் வாட் என்பவரோட சேர்ந்து 1931ல அதைப் புத்தகமாவும் போட்டார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'இந்தூர் முறை' அதுதான். மாமா அந்தப் பேரைக் கேட்டதே இல்லை.

ரெண்டாவது குவியல்ல கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வர்ற அளவு ஈரம் வச்சோம். மூணாம் நாள் உள்ள விட்ட கையை உடனே எடுத்துட்டேன், அவ்வளவு சூடு. 55 டிகிரிக்கு மேல சில நாள் நின்னா பெரும்பாலான களை விதையும் நோய்க்கிருமியும் செத்துடும். வெளிப்பக்கம் இருக்கிறதுக்கும் அந்தச் சூடு கிடைக்கணும், உள்ளுக்குக் காத்தும் போகணும். அதுக்காகத்தான் கிளறிக் கிளறி விடுறது.

இதுல கூலி இருக்கு, இடுப்புவலி இருக்கு, மறைக்க மாட்டேன். மாமாவும் மூட்டை உரத்தை முழுசா விடலை. ஆனா இந்தக் கோடையில மாருக்குத் தீ வைக்கலை.

மொட்டைமாடியில கம்போஸ்ட் டப்பா வச்சிருக்கவங்களுக்கும் இதே கணக்குதான். நாறுதுன்னா மூடி வைக்காதீங்க. காஞ்ச இலையோ கிழிச்ச அட்டைப்பெட்டியோ அள்ளிப் போட்டுக் கிளறுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!