சொந்த மெயில் சர்வர்: பாம்பூஃப்ளாட் கடைக்குத் தேவையா?

அந்தமானின் சாத்தம் படகுத்துறையில் வண்டியோடு ஏறினால் எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட். இங்கே கடை வைத்திருப்பவருக்குச் சரக்கு பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். ஆனால் விலைப்பட்டியலும் இன்வாய்ஸும் அதற்கு முன்பே மின்னஞ்சலில் வந்துவிடும். ஒரு மெயில் தவறினால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரலாம்.

நாலைந்து கணினி, ஒரு பிரின்டர், கணக்கு எழுத டேலி, எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு ஸ்விட்ச். சிறு வியாபாரியின் நெட்வொர்க் பெரும்பாலும் இவ்வளவுதான். இதிலேயே சொந்த மெயில் சர்வரையும் சேர்த்துவிட்டால் என்ன? போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற மென்பொருள்கள் இலவசம்; ஓரமாகக் கிடக்கும் பழைய கணினியே அவற்றுக்குப் போதும்.

கேபிள் மாற்றிய கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் இந்த யோசனைக்கு வலுவான காரணம் இருந்தது. அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலம் அது. பக்கத்து மேசைக்கு அனுப்பும் கோப்புகூட வெளியூர் சர்வருக்குப் போய்த் திரும்பும். கிடைக்கும் கொஞ்ச வேகத்தையும் அது தின்றுவிடும். சர்வர் கடைக்குள்ளேயே இருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை - அந்தமான் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். பழைய காரணம் அதோடு பெரிதும் வலுவிழந்தது.

பெட்டி சுலபம், நம்பிக்கை கடினம்

வரும் மெயிலை வாங்குவது பெரிய வேலையில்லை. டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எம்.எக்ஸ். பதிவு, அதாவது மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவு, உங்கள் சர்வரைக் காட்டினால் போதும். இணைப்பு அறுந்தாலும் உடனே பயமில்லை. அனுப்பிய சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

அனுப்புவதில்தான் சிக்கல். மாறாத ஐ.பி. எண் வேண்டும். அந்த எண்ணை வைத்துத் தேடினால் உங்கள் சர்வரின் பெயர் வர வேண்டும். அந்தப் பதிவை இணைய நிறுவனம்தான் செய்து தர முடியும். சாதாரண பிராட்பேண்டில் மெயில் வெளியேறும் 25ஆம் போர்ட்டையே பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். போன்ற அடையாளச் சான்றுகளை ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கறாராகக் கேட்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் உங்கள் கொட்டேஷன் ஸ்பேமில் விழலாம். விழுந்தது உங்களுக்குத் தெரியவும் வராது.

பிறகு பராமரிப்பு. பூட்டாமல் விட்ட சர்வர் வழியாக யாரோ ஸ்பேம் அனுப்புவார்கள். கறுப்புப் பட்டியலில் ஏறுவது உங்கள் எண். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி சர்வர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மின்தடைக்கு யூபிஎஸ் வேண்டும், உப்புக் காற்றிலிருந்து பெட்டியைக் காக்கவும் வேண்டும். இதையெல்லாம் பார்க்கக் கடையில் ஆள் உண்டா?

எது சரி?

மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகளே இன்று சோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறிவிட்டன. ஐந்து பேர் வேலை செய்யும் கடை தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மெயில் சேவையை வாடகைக்கு எடுங்கள். கடைக்குள் இருக்கும் பழைய கணினியில் எல்லா மெயிலுக்கும் ஒரு நகல் தினமும் சேரட்டும்; இணையம் இல்லாத நாளிலும் பழைய பில்லை எடுக்கலாம். 2004 ஆழிப்பேரலையைக் கண்ட தீவு இது. ஆகவே இன்னொரு நகல் கடலுக்கு அப்பாலும் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் பிறர் கையில் விட்டுவிடாதீர்கள்: டொமைன். வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் அது இருந்தால், இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். டொமைன் கையில் இருந்தால் சர்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.