எட்டுப் புள்ளிக் கோலத்தில் ஓர் அலுவலகம்

நியூஜெர்சியின் எடிசனில் ஒரு மாடியறை. மடிக்கணினியில் மீட்டிங் ஓடுகிறது. டெக்சஸிலிருந்து பேசும் மேலாளரின் குரல் ஸ்பீக்கரில் ஒலித்து, சுவரில் மோதி, மைக்குக்குள் மறுபடி நுழைகிறது. நியாயப்படி, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சற்றுக் கழித்து அவர் காதிலேயே விழவேண்டும். விழுவதில்லை. எப்படி?

ஸ்பீக்கரில் என்ன ஒலித்தது என்று கணினிக்குத் தெரியும். அந்த அறையில் அது எப்படி எதிரொலிக்கும் என்று கணக்குப் போட்டு, மைக்கில் விழுந்ததிலிருந்து கழித்துவிடுகிறது. மிஞ்சுவது நம் குரல். நாற்காலியை நகர்த்தினாலும் கதவைச் சாத்தினாலும் எதிரொலி மாறும். கணக்கும் கூடவே தன்னைத் திருத்திக்கொள்ளும். இதற்குத் தகவமை எதிரொலி நீக்கம் என்று பெயர். தொலைபேசியின் எதிரொலித் தொல்லையைத் தீர்க்க இதை உருவாக்கியவர்களில் ஒருவரான மான் மோகன் சோந்தி, 1967-இல் கட்டுரை வெளியிட்டார். அவர் வேலை பார்த்த பெல் ஆய்வகம் எடிசனுக்குப் பக்கத்தில், அதே நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில்தான் இருந்தது.

அடுத்து முகம். தெளிவான வீடியோவைச் சுருக்காமல் அனுப்பினால் பத்தே நொடியில் ஒரு சிடி நிரம்பிவிடும். அதனால் படத்தை, எட்டுப் புள்ளி எட்டு வரிசைக் கோலம்போல, சிறு கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 64 புள்ளிகளின் நிறத்தையும் தனித்தனியே சொல்லாமல், நிறம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அலைகளாகச் சொல்வதே தனித்த கொசைன் உருமாற்றம். வெறும் வெள்ளைச் சுவருக்கு ஓர் எண் போதும். கண் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிடலாம். 1974-இல் இதை வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். ராவ் பணியாற்றியது டெக்சஸின் ஆர்லிங்டனில்.

வீட்டிலிருந்து வேலை என்பதும் புதிதல்ல. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 1979-இல் ஐபிஎம் ஐந்து ஊழியர்களின் வீட்டில், அலுவலகக் கணினியோடு இணைந்த டெர்மினல் வைத்தது. கருணையால் அல்ல, அலுவலகத்தின் அந்த மெயின்ஃபிரேம் கணினியில் அவ்வளவு நெரிசல்! 1983-க்குள் அந்த ஐந்து பேர் சுமார் 2,000 பேரானார்கள்.

கருவி தயார்; மனம்தான் ஊசலாடியது. 2013-இல் யாஹூ, வீட்டிலிருந்து வேலை செய்த எல்லோரையும் அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, ஜூமில் நாளொன்றுக்கு 30 கோடிப் பங்கேற்புகள். 2023-இல் அதே ஜூம், 80 கிலோமீட்டருக்குள் வசிக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் நேரில் வரச் சொன்னது.

ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழு, ஒரு சீன நிறுவனத்தின் 1,612 ஊழியர்களை ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத்தரம் குறையவில்லை. அங்கிருந்த மேலாளர்களையும் கேட்டார்கள். சோதனைக்கு முன், உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று கருதியவர்கள், பிறகு 1 சதவீதம் கூடும் என்றார்கள். எதிரொலி நீக்கியைப் போலவே, பழகப் பழக அவர்களும் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள்.